பி.பி. 94/60: ஹார்ட் ஃபெயிலியர் மாத்திரைகளைக் கொடுக்கலாமா, நிறுத்தி வைக்கலாமா?

கேள்வி: எட்டுமணி_டியூட்டி

எல்லோருக்கும் வணக்கம். பி.எஸ்சி. நர்சிங் முடித்து, திருநெல்வேலிப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் கார்டியாலஜி வார்டில் சேர்ந்து இது மூன்றாவது மாதம். இந்த வாரம் அடுத்தடுத்து இரண்டு நாள் திட்டு வாங்கினேன். முதல் நாள் மாத்திரை கொடுக்காததற்கு. இரண்டாம் நாள் கொடுத்ததற்கு. அழுது முடித்தாயிற்று, இனிமேல் கற்றுக்கொள்ளலாம் என்று இங்கே வந்திருக்கிறேன்.

பேஷண்ட்டுக்கு 64 வயது. மளிகைக் கடை வைத்திருப்பவர், வார்டில் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. மூன்று வருடத்துக்கு முன் மாரடைப்பு வந்தவர். இப்போது ஹார்ட் ஃபெயிலியர், அதாவது இதயம் பலவீனமாகி ரத்தத்தைச் சரியாக இறைக்க முடியாத நிலை. இந்த முறை கால் இரண்டும் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று நாலு ராத்திரி நாற்காலியிலேயே உட்கார்ந்து தூங்கிவிட்டு வந்தார். எக்கோவில் (இதய ஸ்கேன்) ஈ.எஃப்., அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் பங்கு, 28 சதவீதம். நான்கு நாள், நீரை இறக்கும் லேசிக்ஸ் ஊசி போட்டார்கள். வீக்கம் வடிந்ததும் மாத்திரைக்கு மாற்றினார்கள்.

ட்ரக் சார்ட்டில் காலை 8 மணிக்கு ஐந்து மாத்திரை: டோர்செமைட் 20, சாகுபிட்ரில்-வல்சார்டன் 50, கார்வெடிலால் 3.125, ஸ்பைரனோலாக்டோன் 25, டாபாகிளிஃப்ளோசின் 10. மதியம் இன்னொரு டோர்செமைட்.

செவ்வாய்க்கிழமை காலை பி.பி. 94/60, பல்ஸ் 68. பயந்துபோய் ஐந்தையும் நிறுத்தி வைத்துவிட்டு, "லோ பி.பி., ஹோல்ட்" என்று எழுதினேன். பத்தரை மணி ரவுண்ட்ஸில் பெரிய டாக்டர் சார்ட்டைப் பார்த்துவிட்டு, "யாரைக் கேட்டு எல்லாத்தையும் நிறுத்தினே?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். புதன்கிழமை பி.பி. 92/58. திட்டு ஞாபகத்தில் ஐந்தையும் கொடுத்துவிட்டேன். 9 மணிக்கு அண்ணாச்சி பாத்ரூம் போக எழுந்தவர், கட்டில் ஓரத்திலேயே கண்ணைக் கட்டுகிறது என்று சரிந்துவிட்டார். மகன் பிடித்துக்கொண்டதால் அடி ஒன்றும் இல்லை. ஆனால் இன்சிடென்ட் ரிப்போர்ட் என் பெயரில் போயிருக்கிறது.

கொடுத்தாலும் தப்பு, கொடுக்காவிட்டாலும் தப்பு என்றால் நான் எதைப் பார்த்து முடிவெடுப்பது? எத்தனைக்குக் கீழே இருந்தால் கொடுக்கக் கூடாது? யாராவது ஒரு நம்பர் சொல்லுங்கள், ப்ளீஸ்.


பதில்: பழைய_ஸ்டெத்

தங்கச்சி, முதலில் உட்கார். தண்ணி குடி. இருபது வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன், அதில் பன்னிரண்டு வருடம் கார்டியாக் வார்டு. நீ வாங்கிய இரண்டு திட்டையும் நானும் வாங்கியிருக்கிறேன், உன்னைவிடப் பெரிய சத்தத்தில்.

நம்பர் கேட்கிறாய். தருகிறேன், ஆனால் அதற்கு முன் நான் சில கேள்விகள் கேட்க வேண்டும். ஏனென்றால் நீ எழுதியதில் பி.பி. இருக்கிறது, மாத்திரை இருக்கிறது, அண்ணாச்சியைப் பற்றி ஒன்றும் காணோம்.

புதன்கிழமை காலை மாத்திரை கொடுக்கும்போது சாப்பிட்டிருந்தாரா? அன்றைக்கு எடை எத்தனை, அட்மிஷன் அன்று எத்தனை? கால் வீக்கம் இப்போது எப்படி, அழுத்தினால் குழி விழுகிறதா? நிற்க வைத்து பி.பி. பார்த்தாயா? கடைசியாகப் பார்த்த ரத்தப் பரிசோதனையில் கிட்னி நிலையைக் காட்டும் கிரியாட்டினின், பொட்டாசியம் என்ன?

இதற்குப் பதில் எழுது. அதற்குள் ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன்.

இதயம் 28 சதவீதத்தில் ஓடுகிறவருக்கு 94 என்பது பல நேரம் அவருடைய சொந்த பி.பி. அந்த 94-ல் அவர் பேப்பர் படிக்கிறார், மகனை அதட்டுகிறார், கை கால் வெதுவெதுப்பாக இருக்கிறது, யூரின் நன்றாகப் போகிறது என்றால், அந்த எண்ணுக்காக மாத்திரையை நிறுத்தத் தேவையில்லை. அதே 94-ல் கை சில்லென்று, ஆள் மந்தமாக, யூரின் குறைந்து கிடந்தால் அது வேறு கதை. மாத்திரை கப்பைக் கீழே வைத்துவிட்டு உடனே டியூட்டி டாக்டரைக் கூப்பிட வேண்டிய கதை. இரண்டு பேருக்கும் மானிட்டர் காட்டுவது ஒரே எண்தான்.

அப்புறம், நீ ஐந்தையும் ஒரே மூட்டையாக நினைக்கிறாய். அவை ஐந்து தனித்தனி ஆட்கள். சாகுபிட்ரில்-வல்சார்டன், கார்வெடிலால், ஸ்பைரனோலாக்டோன், டாபாகிளிஃப்ளோசின், இந்த நான்கும் ஆயுளைக் கூட்டுவதற்கு. டோர்செமைட் தேங்கிய நீரை இறக்குவதற்கு. மூச்சு முட்டும்போது அதுதான் தெய்வம், ஆனால் நீர் இறங்கிய பிறகு அதே வேகத்தில் போட்டுக்கொண்டிருந்தால் ஆளைக் காயவைத்துவிடும். டாபாகிளிஃப்ளோசின் பி.பி.யைப் பெரிதாகக் குறைக்காது. அதைப் போய் லோ பி.பி. என்று நிறுத்தியதில் அர்த்தமே இல்லை. அதற்குக் கேட்க வேண்டிய கேள்வி வேறு: சாப்பிடுகிறாரா, வாந்தி பேதி இருக்கிறதா, ஏதாவது ஆபரேஷனுக்கு வெறும் வயிற்றில் வைத்திருக்கிறார்களா, அந்த இடத்தில் அரிப்பு, வெள்ளைப் படை ஏதாவது உண்டா. கடைசிக் கேள்வியை ஆண்கள் நம்மிடம் சொல்ல மாட்டார்கள். நாம்தான் கூச்சப்படாமல் கேட்க வேண்டும்.

எனக்குப் பாடம் எடுத்த டியூட்டர் படித்த காலத்தில் பலவீனமான இதயத்துக்கு பீட்டா பிளாக்கர் (கார்வெடிலால் அந்த வகைதான்) கூடவே கூடாது. 1999-ல் பிசோபிரோலால், மெட்டோபிரோலால் ஆய்வுகள் இரண்டும் வெளியான பிறகுதான் அது தலைகீழானது. அவ்வளவு பாடுபட்டு வார்டுக்குள் வந்த மாத்திரை அது. காலை 8 மணிக்கு நாம் ஒரு பேனாவை வைத்து அடித்துவிட்டுப் போகிறோம். பெரிய டாக்டருக்குக் கோபம் வந்தது அதனால்தான். எல்லோர் முன்னாலும் கத்தியது தப்பு, அது வேறு.


பதில்: எட்டுமணி_டியூட்டி

அக்கா, கேஸ் ஷீட்டைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

சாப்பிடவில்லை. புதன்கிழமை காலை வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்கச் சொல்லியிருந்தார்கள். லேப் பையன் வந்ததே 8.40-க்கு. மாத்திரையை நான் 8 மணிக்கே கொடுத்துவிட்டேன். இட்லி வந்தபோது 9.15.

கால் வீக்கம் சுத்தமாக இல்லை. தோல் சுருங்கியிருக்கிறது. நிற்க வைத்து பி.பி. பார்க்கவில்லை. கிரியாட்டினின் வரும்போது 1.1, புதன்கிழமை 1.5. பொட்டாசியம் 4.3.

எடை வரும்போது 71.4. அப்புறம் 69.8, 68.1, 66.8, 66.8, 66.8. எழுதும்போதே எனக்குப் புரிந்துவிட்டது அக்கா. மூன்று நாளாக 66.8 இருக்க முடியாது. வார்டு எடை மெஷின் பேட்டரி போய்விட்டது, நைட் ஸ்டாஃப் முந்தின நாள் எடையையே எழுதிவிட்டார்கள். அதில் ஒரு நாள் எழுதியது நான்தான்.


பதில்: பழைய_ஸ்டெத்

உண்மையைச் சொன்னாயே, அது போதும். எடையைக் காப்பியடிக்காத நர்ஸ் யாராவது இந்தத் திரியில் இருந்தால் கை தூக்கட்டும், நான் காலில் விழுகிறேன்.

இப்போது பார், உன் கேள்விக்குப் பதில் உன் கேஸ் ஷீட்டிலேயே இருந்திருக்கிறது. அந்த மனிதர் நான்கு நாளில் நாலரை கிலோ இறங்கியிருக்கிறார். அதற்குப் பிறகும் இரண்டு வேளை டோர்செமைட். கால் காய்ந்துவிட்டது, கிரியாட்டினின் ஏறுகிறது. கிட்டத்தட்ட நீர் வற்றிய நிலையில், வெறும் வயிற்றில், பி.பி.யை இறக்கும் மாத்திரைகளை ஒரே நேரத்தில் விழுங்கியிருக்கிறார். கார்வெடிலாலைச் சாப்பாட்டோடு கொடுக்கச் சொல்வது சும்மா இல்லை. வயிற்றில் உணவு இருந்தால் அது மெதுவாக ரத்தத்தில் ஏறும், எழுந்து நிற்கும்போது தலை சுற்றுவது குறையும். அண்ணாச்சி சரியாக 9 மணிக்குச் சரிந்ததில் ஆச்சரியமே இல்லை.

நாளைக்கு டியூட்டிக்குப் போனதும் இதைச் செய். பக்கத்து வார்டு மெஷினை வாங்கி எடை பார். காலையில் யூரின் போன பிறகு, சாப்பிடுவதற்கு முன், அதே லுங்கியோடு. பையில் இருக்கும் செல்போனையும் சாவிக்கொத்தையும் எடுக்கச் சொல். கடைக்காரர்கள் சாவிக்கொத்து கால் கிலோ இருக்கும், சிரிக்காதே. அப்புறம் ஐந்து நிமிடம் படுக்க வைத்து பி.பி., எழுந்து நின்றதும் ஒரு நிமிடத்தில் ஒன்று, மூன்று நிமிடத்தில் ஒன்று. மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் எழுதி வை. நிற்கும்போது நீ பக்கத்தில் கட்டிலை ஒட்டி நில், மெஷின் பக்கம் திரும்பி நிற்காதே.

இதையெல்லாம் கையில் வைத்துக்கொண்டு மாத்திரை நேரத்துக்கு முன்பே டாக்டருக்கு போன் போடு. "சார், பி.பி. 92" என்று மட்டும் சொன்னால் அவர் தூக்கக் கலக்கத்தில் "ஹோல்ட் பண்ணு" என்றுதான் சொல்வார். "சார், ஈ.எஃப். 28, படுத்து 96, நின்று 78, தலை சுற்றல் இருக்கிறது, எடை வந்ததிலிருந்து இத்தனை கிலோ குறைவு, கால் வீக்கம் இல்லை, கிரியாட்டினின் 1.5, காலை டோர்செமைட்டைக் கொடுக்கவா?" என்று கேள். பதில் அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கும். மாத்திரைகளைப் பிரித்துக் கொடுக்கலாமா என்றும் கேள். டிபனோடு கார்வெடிலால், இரண்டு மணி நேரம் கழித்து சாகுபிட்ரில்-வல்சார்டன், மதியம் ஸ்பைரனோலாக்டோன் என்று பல டாக்டர்கள் மாற்றித் தருவார்கள். நாமாக மாற்றக் கூடாது.

நம்பர் கேட்டாயே. நான் வேலை பார்த்த வார்டில் ஒட்டியிருந்த தாளில் இருந்தது இது: மேல் பி.பி. 90-க்குக் கீழே, பல்ஸ் 50-க்குக் கீழே, பொட்டாசியம் 5.5-க்கு மேலே. இதில் எது வந்தாலும் கொடுக்கும் முன் டாக்டரைக் கூப்பிட வேண்டும். கூப்பிட வேண்டும் என்றுதான் போட்டிருந்தது. நிறுத்து என்று போடவில்லை. உங்கள் ஆஸ்பத்திரித் தாளில் வேறு இருக்கலாம், உனக்கு அதுதான் சட்டம்.

பல்ஸ் என்றதும் ஒரு கதை. 2008, அரசு ஆஸ்பத்திரி, பெண்கள் வார்டு. கோவில்பட்டிப் பக்கத்துப் பாட்டி ஒருத்தி, முப்பத்தெட்டு கிலோதான் இருப்பாள். இதயத்துக்கான பழைய மாத்திரை டிஜாக்ஸின் 0.25, லேசிக்ஸ் இரண்டு வேளை. மூன்று நாளாக சாப்பாடு வேண்டாம், குமட்டுகிறது என்றாள். ஆஸ்பத்திரிச் சாப்பாடு யாருக்குத்தான் இறங்கும் என்று நானும் விட்டுவிட்டேன். மணிக்கட்டில் கை வைத்து, பதினைந்து நொடி எண்ணி, நாலால் பெருக்கி, 64 என்று எழுதி மாத்திரையைக் கொடுத்தேன். சாயங்காலம் போர்வையை மாற்றும்போது பாட்டி சொன்னாள்: "தாயி, சுவத்துக்கெல்லாம் மஞ்சப் பூசிட்டாகளா?" வயசாளி ஏதோ உளறுகிறாள் என்று நினைத்தேன். வெள்ளைச் சுவர் அது.

என் இன்சார்ஜ் சிஸ்டர் பக்கத்துக் கட்டிலில் இருந்தார். அந்த ஒரு வார்த்தையைக் கேட்டதும் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு வந்து, பாட்டியின் இடது மார்பில் ஸ்டெத்தை வைத்து, முழுசாக ஒரு நிமிடம் எண்ணினார். 46. நடுநடுவே தவறித் தவறித் துடித்தது. ரத்தம் அனுப்பினோம், பொட்டாசியம் 2.9. லேசிக்ஸ் பொட்டாசியத்தை யூரினில் கொண்டுபோய்க்கொண்டே இருந்திருக்கிறது. பொட்டாசியம் இறங்க இறங்க, அதே டிஜாக்ஸின் விஷமாகிக்கொண்டே வந்திருக்கிறது. சாப்பாடு வேண்டாம் என்றது, குமட்டல், மஞ்சள் பார்வை, எல்லாமே அதுதான். போதாததற்கு, சனி ஞாயிறு டிஜாக்ஸின் கிடையாது, வாரத்துக்கு ஐந்து நாள்தான் என்று டாக்டர் பழைய தாளில் எழுதியிருந்ததை, புதுச் சார்ட்டுக்கு மாற்றும்போது விட்டுவிட்டோம். யார் மாற்றி எழுதியது என்று கேட்காதே.

பாட்டி பிழைத்துக்கொண்டாள். வீட்டுக்குப் போகும்போது எனக்கு ஒரு பை கடலைமிட்டாய் கொடுத்துவிட்டுப் போனாள். அதை ஒன்றுகூட என்னால் தின்ன முடியவில்லை.

அன்றிலிருந்து டிஜாக்ஸின் கொடுக்கும் முன் ஸ்டெத் வைத்து ஒரு நிமிடம், அறுபது நொடியும். பெரியவர்களுக்கு 60-க்குக் கீழே என்றால் மாத்திரை கையை விட்டுப் போகாது, முதலில் டாக்டருக்கு போன். இப்போது டிஜாக்ஸின் குறைந்துவிட்டது, ஆனால் கார்வெடிலால், மெட்டோபிரோலால், ஐவாபிரடின் எல்லாமே பல்ஸைக் குறைப்பவைதான். பழக்கத்தை விடாதே.


பதில்: பாலைவனச்_சிஸ்டர்

குவைத்திலிருந்து. இங்கே ஒவ்வொரு மாத்திரைக்கும் பக்கத்திலேயே "மேல் பி.பி. இத்தனைக்குக் கீழ் என்றால் நிறுத்தி வை, பல்ஸ் இத்தனைக்குக் கீழ் என்றால் நிறுத்தி வை" என்று டாக்டர் ஆர்டரில் எழுதினால்தான் நாங்கள் மாத்திரையை எடுப்போம். இல்லையென்றால் போன் போட்டு எழுத வைப்போம். ஊரில் வேலை பார்த்தபோது இது ஏன் எனக்குத் தோன்றவில்லை என்று தெரியவில்லை. ரவுண்ட்ஸில் நிற்கும்போதே, "சார், எந்த பி.பி.க்குக் கீழே போனால் கூப்பிடட்டும்?" என்று கேட்டு சார்ட்டில் குறித்துக்கொள்ளுங்கள். கேட்டதற்காக யாரும் திட்ட மாட்டார்கள்.

ஆனால் பழைய_ஸ்டெத் அக்கா சொன்னதில் ஒரு சின்ன மாறுபாடு. புதுசாகச் சேர்ந்த பிள்ளை 94-ஐப் பார்த்து நிறுத்தியதை நான் தப்பு என்று சொல்ல மாட்டேன். நிறுத்திவிட்டு இரண்டரை மணி நேரம் யாருக்கும் சொல்லாமல் இருந்ததுதான் தப்பு.


பதில்: பழைய_ஸ்டெத்

ஒப்புக்கொள்கிறேன்.


பதில்: மாத்திரைப்பெட்டி

நான் பார்மசிஸ்ட், தென்காசி. நர்ஸ்கள் பேசும் இடத்தில் மூக்கை நுழைக்கிறேன், மன்னிக்கவும். அண்ணாச்சி வீட்டுக்குப் போகும் முன் அவர் வீட்டு மாத்திரைப் பையைக் கொண்டுவரச் சொல்லி, பெட்டின் மேல் கொட்டிப் பாருங்கள். அந்த மஞ்சள் பைக்குள்தான் ஆபத்து எல்லாம் இருக்கும்.

முதலாவது, பழைய எனலாப்ரில் அல்லது ராமிப்ரில் அட்டை. மூன்று வருடம் முன்பு மாரடைப்பு வந்தவர் என்றால் அநேகமாக இருக்கும். அதையும் சாகுபிட்ரில்-வல்சார்டனையும் சேர்த்துப் போடக் கூடாது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற 36 மணி நேர இடைவெளி வேண்டும். சேர்ந்தால் உதடு, நாக்கு, தொண்டை வீங்கி மூச்சு அடைக்கலாம். தூக்கி எறிய மனசு வராமல், காசு போட்டு வாங்கியதாயிற்றே என்று வைத்திருப்பார்கள். கத்தரித்துப் போட்டுவிடச் சொல்லுங்கள்.

இரண்டாவது, பெயருக்குப் பின்னால் "பிளஸ்" ஒட்டிய நீர் மாத்திரை. டோர்செமைட் பிளஸ் வகைகளில் பலவற்றில் ஸ்பைரனோலாக்டோனும் உள்ளே இருக்கிறது. லேசிலாக்டோனிலும் அப்படித்தான், பெயரிலேயே தெரியும். டிஸ்சார்ஜ் சீட்டில் ஸ்பைரனோலாக்டோன் தனியாக எழுதியிருக்க, வீட்டில் பிளஸ் மாத்திரையும் தொடர்ந்தால் அது இரட்டை டோஸ். பொட்டாசியம் எகிறிவிடும்.

மூன்றாவது, மூட்டுவலிக்குப் போடும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென். எங்கள் கடையில் கேட்காத நாளே கிடையாது. உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கி, கிட்னியையும் கெடுத்து, நீங்கள் ஒரு வாரம் லேசிக்ஸ் போட்டு இறக்கியதை ஏற்றிவிடும். வலிக்குப் பாராசிட்டமால் போதும், அதிலும் தண்ணீரில் கரையும் நுரை மாத்திரை வேண்டாம், அதில் சோடியம் இருக்கிறது. வாயுத்தொல்லைக்குக் குடிக்கும் பொங்கும் பவுடரும் அதே கேஸ்தான்.

நாலாவது, 'லோ சோடியம்' உப்பு. பிள்ளைகள் அக்கறையோடு சூப்பர் மார்க்கெட்டில் வாங்கி வருவார்கள். சோடியத்தைக் குறைத்துவிட்டு அந்த இடத்தில் பொட்டாசியம் குளோரைடு போட்டிருப்பார்கள். ஸ்பைரனோலாக்டோனும் வல்சார்டனும் போடுகிறவருக்கு அது வேண்டவே வேண்டாம். சாதா உப்பையே குறைத்துப் போடுவது நல்லது.

விலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. டாபாகிளிஃப்ளோசின் 2020-லிருந்தும், சாகுபிட்ரில்-வல்சார்டன் 2023-லிருந்தும் பல கம்பெனிகள் போடுகின்றன, விலை நன்றாக இறங்கியிருக்கிறது. கட்டுப்படியாகவில்லை என்று ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுகிறவர்கள் நிறைய. வாயைத் திறந்து சொல்ல மாட்டார்கள். "மாசத்துக்கு எவ்வளவு ஆகுதுங்க?" என்று நீங்கள் கேட்டால் சொல்வார்கள்.


பதில்: மூணாவது_தெரு

நான் நர்ஸ் இல்லை. என் மாமியாருக்கு ஐந்து வருடமாக இதே நோய். இந்தத் திரியை ஒரே மூச்சில் படித்தேன். வீட்டில் நடப்பது உங்களுக்குத் தெரியட்டும் என்று எழுதுகிறேன்.

அத்தை லேசிக்ஸை ஒளித்து வைப்பார்கள். கெட்ட எண்ணம் இல்லை. கல்யாணம், சடங்கு, சங்கரன்கோவில் ஆடித்தபசு என்று எங்காவது பஸ்ஸில் போக வேண்டிய நாளென்றால் காலையில் அந்த மாத்திரை மட்டும் முந்தானை முடிச்சுக்குள் போய்விடும். போட்டால் ரெண்டு மணி நேரத்தில் நாலு தரம் பாத்ரூம். பஸ்ஸில் எங்கே போவது? மண்டபத்துக் கழிப்பறையில் எப்படி உட்காருவது? போன வருடம் ஒரே மாதத்தில் நாலு விசேஷம். ஆவணி முடிவதற்குள் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். மாத்திரையை ஏன் விட்டீர்கள் என்று டாக்டர் கத்தினார். ஒரு சிஸ்டர் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து, "என்னைக்கெல்லாம் விடுவீங்கம்மா?" என்று கேட்டார். அப்போதுதான் அத்தை முடிச்சை அவிழ்த்துக் காட்டினார்கள். மூன்று மாத்திரை.

அந்த சிஸ்டர் டாக்டரிடம் பேசி, வெளியே போகும் நாளில் வீட்டுக்குத் திரும்பி வந்ததும் மதியத்துக்கு மேல் போட்டுக்கொள்ளலாம் என்று எழுதி வாங்கிக் கொடுத்தார். அதற்குப் பிறகு ஒரு நாளும் விட்டதில்லை.

இன்னொன்று. எடை மெஷினை எங்கள் வீட்டில் முதலில் பாய் மேல் வைத்திருந்தோம். தினம் ஒரு எடை காட்டியது. சிமெண்டுத் தரைக்கு மாற்றிய பிறகுதான் ஒழுங்காயிற்று.


பதில்: பழைய_ஸ்டெத்

அம்மா, நீங்கள் எழுதியதை என் மாணவிகளுக்கு வாசித்துக் காட்டப்போகிறேன். முந்தானை முடிச்சு எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை.

இரண்டாவது லேசிக்ஸோ டோர்செமைட்டோ இருந்தால் மாலை நாலு மணிக்குள் முடித்துவிட வேண்டும் என்பதையும் எல்லோரும் கவனியுங்கள். லேசிக்ஸ் மாத்திரையின் வேலை ஆறு மணி நேரம் இருக்கும். வார்டில் சில பேர் சௌகரியத்துக்காக இரவு எட்டு மணி மாத்திரைகளோடு சேர்த்துக் கொடுத்துவிடுகிறார்கள். நடு ராத்திரி இருட்டில் வயசாளி எழுந்து தடுக்கி விழுவதற்கு நாமே ஏற்பாடு செய்வதுபோல அது.

எட்டுமணி, அண்ணாச்சி என்ன ஆனார்?


பதில்: எட்டுமணி_டியூட்டி

மன்னிக்கணும் அக்கா, மூன்று நாள் நைட். இப்போதுதான் எழுதுகிறேன்.

வியாழக்கிழமை காலை பக்கத்து வார்டு மெஷினில் எடை பார்த்தேன். 64.3! சார்ட்டில் இருந்ததைவிட இரண்டரை கிலோ குறைவு. (சாவிக்கொத்தை எடுக்கச் சொன்னேன். இருந்தது. கூடவே ஒரு பாக்கு வெட்டி.) படுத்து 98/60, நின்று ஒரு நிமிடத்தில் 76/50, கண்ணைக் கட்டுகிறது என்றார், உடனே உட்கார வைத்தேன். அக்கா சொன்னபடியே ஒரே மூச்சில் போனில் சொன்னேன். டாக்டர் ஒரு நொடி பேசவில்லை. அப்புறம், "டோர்செமைட்டை இன்னிக்கு நிறுத்து, நாளையிலிருந்து 10 ஒரு வேளை. மத்ததெல்லாம் பிரிச்சுக் கொடு. கார்வெடிலால் டிபனோட" என்றார். "எடை எப்படி இவ்ளோ வித்தியாசம்?" என்று கேட்டார். மெஷின் வேலை செய்யவில்லை, முந்தின நாள் எடையை எழுதிவிட்டோம் சார் என்று சொல்லிவிட்டேன். திட்டினார். ஆனால் மதியத்துக்குள் வார்டுக்குப் புது பேட்டரி வந்துவிட்டது.

சனிக்கிழமை படுத்து 102/64, நின்று 94/60, தலை சுற்றல் இல்லை. எடை 64.9. கிரியாட்டினின் 1.2-க்கு இறங்கிவிட்டது. மாத்திரைப் பையைக் கொட்டிப் பார்த்தோம். மாத்திரைப்பெட்டி அண்ணன் சொன்ன மாதிரியே ராமிப்ரில் அட்டை ஒன்று, ஆறு மாத்திரை மிச்சம். நான் கத்தரிக்கப் போனபோது அண்ணாச்சி கையைப் பிடித்துக்கொண்டு, "பதினேழு ரூவா சொச்சம் தாயி அது" என்றார். கத்தரித்துவிட்டேன்.

இளநீர் தினம் ஒன்று குடிப்பதும் தெரிய வந்தது. பொட்டாசியம் பற்றிச் சொன்னேன், டாக்டரைக் கேட்கும்வரை வேண்டாம் என்று மகனிடமும் சொல்லிவிட்டேன். கருவாடு, ஊறுகாய், மோர் மிளகாய், மூன்றையும் விட ஒத்துக்கொண்டார். அப்பளத்தில்தான் பேரம். வாரத்துக்கு எத்தனை என்று ஆரம்பித்து, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஒன்று என்று முடித்தேன். கடைக்காரரிடம் பேரம் பேசி ஜெயித்தது என் வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை.

டிஸ்சார்ஜ் அன்று அவருக்கு ஒரு நோட்டு கொடுத்து, தினம் காலை எடையை எழுதுங்கள், 64.9-லிருந்து மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினாலோ, கால் வீங்கினாலோ, ராத்திரி தலையணை ஒன்று கூடுதலாகத் தேவைப்பட்டாலோ உடனே போன் பண்ணுங்கள் என்றேன். நான் பேனாவை எடுத்துக் கோடு போட ஆரம்பித்ததும், நோட்டை வாங்கித் தானே கோடு போட்டார். குடிக்கும் தண்ணீர் 'வரவு', யூரின் 'செலவு', எடை 'இருப்பு'. மேலே பிள்ளையார் சுழி.